டைப்பிங் மூர்த்தி அடித்துக் கொடுத்த தாள்

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. ஷார்ஜாவில் நாங்கள் இருந்த காலத்துத் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகும் விடாமல் நடத்திவரும் குழு அது. காலை வணக்கப் பூக்களுக்கும் மூட்டுவலிக்கு வெந்தயம் சாப்பிடச் சொல்லும் அறிவுரைக்கும் நடுவில், நம் சங்கத்தின் தூணாக விளங்கிய, பழகுவதற்கு இனிய டைப்பிங் மூர்த்தி மன்னார்குடியில் காலமானார் என்று யாரோ போட்டிருந்தார்கள். உடனே வரிசையாகக் கூப்பிய கைகள். மத்தியானத்துக்குள் முன்னாள் தலைவர் சபேசன் ஒரு நீண்ட இரங்கல் எழுதிவிட்டார். மூர்த்தி யாரிடமும் பகை பாராட்டாதவராம். எல்லோரையும் மன்னிக்கத் தெரிந்தவராம்.

மூர்த்தி யாரையும் மன்னிக்கவில்லை. சபேசனை மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை. பழகுவதற்கு இனியவர் என்பதும் சுத்தப் பொய். அவரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு முகம் சுண்டாமல் வெளியே வந்தவர்கள் நம்மில் யாருமில்லை என்பது அந்தக் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். செத்துப்போனவர் பதில் சொல்ல மாட்டார் என்ற தைரியத்தில் அவரை நல்லவராக்கிவிட்டோம். அவரை அறிந்தவர்களுக்காக, அதிலும் கூப்பிய கை போட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முழுப்பெயர் தட்சிணாமூர்த்தி. ஷார்ஜாவின் ரோலா கடைவீதியில், ஊருக்குப் பணம் அனுப்பும் ஒரு எக்ஸ்சேஞ்சுக்கும் ரெடிமேட் கடைக்கும் இடையே, இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நுழைய முடியாத ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தார். விசாவோ லேபர் கார்டோ, அங்கே எந்தக் காரியமானாலும் முதலில் அரபியில் ஃபாரம் அடித்தாக வேண்டும். மூர்த்தி அரபி எழுத்தை அங்கே வந்துதான் கற்றுக்கொண்டார். என் மாமியாருக்கு விசிட் விசா எடுக்க முதல்முறை போனபோது, என் கணவரின் வேலை என்ன என்று கேட்டார். சர்வேயர் என்பதற்கு முன்னால் சீனியர் என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பாஸ்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுல இல்லாத பெருமைய ஃபாரத்துல அடிக்க முடியாது டீச்சர். கட்டம் சின்னது" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு வாரம் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

ஃபாரத்தில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கட்சி. கேட்காததைச் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பார். நாள் முழுக்க அடுத்தவர்களின் பிறந்த தேதியையும் தொழிலையும் அடித்து அடித்து, மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு மரியாதை போய்விட்டிருந்தது. சங்கத்துக்காரர்களாகிய எங்கள்மேல் அவருக்கு ஆரம்பம் முதலே இளக்காரம்தான். ஆனாலும் நாங்கள் அவரை விடவில்லை. அழைப்பிதழிலிருந்து ஆண்டறிக்கை வரை எல்லாவற்றையும் இலவசமாக அடித்துக் கொடுக்க ஆள் வேண்டுமே.

மனித உறவுக் குழு பிறந்த கதையை நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. இரண்டாயிரத்தின் நடுவாக்கில், சங்கத்து நோட்டீஸ் பலகையில் அறை வாடகைக்கு என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. இன்ன சாதிக்காரர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும் என்று பச்சையாகப் பெயர் போட்டு எழுதியிருந்தார்கள். வாரக்கணக்கில் நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போய் வந்தோம். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த சபேசனின் மகன் விடுமுறைக்கு வந்தபோதுதான் அதைப் பார்த்துவிட்டு, அவன் இருக்கும் நகரத்தில் இப்படிப் பிறப்பைப் பார்த்து வீடு மறுத்தால் அந்த ஊர்ச் சட்டப்படியே குற்றம் என்றான். புகாரை விசாரிக்க மனித உறவு ஆணையம் என்றே ஒன்று அங்கே இருக்கிறதாம். சபேசனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சட்டம் அல்ல, பெயர்.

அடுத்த வாரமே சங்கத்துக்கும் ஒரு மனித உறவுக் குழு வந்துவிட்டது. தலைவர் சபேசன். பெண் ஒருவர் வேண்டும், தமிழும் எழுத வேண்டும் என்பதால் நான். டைப் அடிப்பதற்காக மூர்த்தி செயலாளர். தலையாட்டுவதற்கு இன்னும் இரண்டு பேர். விதிகளை நான்தான் எழுதினேன். பிறப்பு, சாதி, சமயம், மொழி, ஊர், பால் ஆகிய எவற்றின் பொருட்டும் சங்கம் எவரையும் விலக்காது. அந்தப் 'பொருட்டும்' என்ற சொல்லை நினைத்து அன்று எனக்கு எவ்வளவு பெருமை. தனி ஒருவர் அதிகாரம் செய்துவிடக் கூடாது என்பதற்காக, குழுவின் தாள் எதுவானாலும் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்றும் ஒரு விதி சேர்த்தேன்.

அடித்து முடித்துவிட்டு மூர்த்தி, "ஆறு இருக்கு டீச்சர். ஏழாவதா ஒண்ணு வந்தா?" என்று கேட்டார். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அந்த நோட்டீஸ் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? சாதிப் பெயரை எடுத்துவிட்டு, ஒத்த பழக்கவழக்கம் உள்ளவர்கள் மட்டும் என்று மாற்றி எழுதச் சொன்னோம். குழுவின் முதல் வெற்றி என்று அதை ஆண்டறிக்கையில் போட்டோம். அதற்கப்புறம் ஓராண்டில் வந்த ஒரே புகார், ஒருவரின் மகளைக் கோலாட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிறுத்தியது பற்றி. விசாரித்து, அவளை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தோம். மனித உறவு மேம்பட்டது.

ஏழாவது, அதற்கடுத்த பொங்கலுக்கு வந்தது. அதற்கு முன்னால் பேச்சிலர் என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் பேச்சிலர் என்றால் கல்யாணம் ஆகாதவன். வளைகுடாவில் அப்படியில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுத் தொழிலாளர் கேம்ப்பில் படுப்பவன், பேரன் எடுத்தவனாக இருந்தாலும் பேச்சிலர்தான். ஆனால் மனைவியைப் பிரசவத்துக்கு அனுப்பிவிட்டு ஒரு வருடம் தனியாக இருக்கும் இன்ஜினியர் பேச்சிலர் ஆக மாட்டார். அவருக்கு 'ஃபேமிலி ஊருக்குப் போயிருக்கு', அவ்வளவுதான். ஒரே சொல்லில் ஆளின் சம்பளத்தையும் செருப்பையும் அளந்துவிடும் சாமர்த்தியம் நம்மவர்களுக்கு வாய்த்திருந்தது. பொங்கல் விழா அழைப்பிதழில் 'குடும்பங்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்தோம். யாருக்கு அல்ல என்று எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கருப்பையாவுக்கு அது விளங்கவில்லை. சிவகங்கைப் பக்கத்துக்காரர், சபேசன் மேனேஜராக இருந்த கட்டுமானக் கம்பெனியில் கான்கிரீட்டுக்குப் பலகை அடைக்கும் ஷட்டரிங் தச்சர். மளிகைக் கடையில் வைத்திருந்த எங்கள் விழாப் பாஸ் ஃபாரத்தை எடுத்து ஒழுங்காகப் பூர்த்தி செய்திருந்தார். குடும்ப உறுப்பினர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஐந்து என்று எழுதி, மனைவி பெயர், மூன்று பிள்ளைகளின் பெயர், வயது எல்லாம் போட்டிருந்தார். ஐந்து பாஸ் போயிற்று. விழாவன்று தேய்த்த சட்டையின் பையில் ஐந்தையும் வைத்துக்கொண்டு, கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்துத் தனியாக வந்து நின்றார்.

நான் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். மற்றவர்கள் எங்கே என்று கேட்டார்கள். ஊரில் இருக்கிறார்கள் என்றார். பிறகு ஐந்து பாஸ் எதற்கு என்று சபேசனே வந்து கேட்டார்.

"குடும்பத்துல எத்தனை பேருன்னு கேட்டிருந்துச்சு சார். அஞ்சு பேரு. அதத்தான் எழுதுனேன்."

அதற்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்று கூப்பிய கை போட்டிருக்கிறார்கள். பொய் சொல்லி உள்ளே வரப் பார்க்கிறான் என்று சபேசன் வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னார். பாஸ்களைப் பிடுங்கிக்கொண்டு செக்யூரிட்டியை விட்டு வெளியே அனுப்பினார். எனக்கு முன்னால் அடுத்த குடும்பம் வந்து நின்றது. நான் பன்னீர் தெளித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கருப்பையா டைப்பிங் சென்டருக்குப் போயிருக்கிறார். அவருடைய விசாப் பேப்பரை அடித்தவர் மூர்த்திதான், அந்தப் பழக்கம். சங்கத்தில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது என்று சொல்லி, மூர்த்தி புகாரை எழுதி வாங்கிக்கொண்டார். அதை எங்களிடம் நீட்டியபோது அவர் முகத்தில் இருந்தது ஆர்வமா கேலியா என்று எனக்குத் தெரியவில்லை. ஏழாவது வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

விசாரணை சபேசன் வீட்டு ஹாலில், காலை டிபனுக்குப் பிறகு நடந்தது. எங்களுக்குச் சோபா. கருப்பையாவுக்குச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் உட்காரவில்லை. பெரிய நியாயம் எதுவும் அவர் கேட்கவில்லை.

"உள்ள விடலேன்னு வருத்தம் இல்ல சார். பொய் சொன்னேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க. அது கேம்ப் பூரா பரவி, கேம்ப் சூப்பர்வைசர் கூப்பிட்டு விசாரிக்கிறாரு. பொய் சொல்லலேன்னு ஒரு தாள் குடுத்தீங்கன்னா காட்டிக்குவேன். கேன்சல் பண்ணிட்டா எனக்கு வேற வழி இல்ல."

கேன்சல் என்றால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் அங்கே எல்லா ஆண்களும் பயந்தார்கள், என் கணவர் உட்பட.

சபேசன் என்னுடைய விதியை எடுத்து நிறுத்தி நிதானமாகப் படித்தார். டீச்சரின் தமிழே தமிழ் என்று நடுவில் ஒரு பாராட்டு வேறு. பிறப்பு, சாதி, சமயம், மொழி, ஊர், பால். இதில் பேச்சிலர் எங்கே இருக்கிறது? இல்லை. ஆகவே பாகுபாடு இல்லை, புகார் தள்ளுபடி. அத்துடன் தவறான தகவல் கொடுத்துப் பாஸ் பெற்றதைக் கம்பெனியின் கவனத்துக்குக் கொண்டுபோவது சங்கத்தின் கடமை என்றார். கம்பெனி என்றால் அவரேதான். இடது கையால் எழுதும் கடிதத்தை வலது கையால் வாங்கிக்கொள்ளப் போகிறார்.

மூர்த்தி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இவரு விசாப் பேப்பர நான்தான் சார் அடிச்சேன். அதுல கல்யாண நிலைன்னு ஒரு கட்டம் உண்டு. 'முதஸவ்விஜ்'னு அடிச்சேன். கல்யாணமானவன்னு அர்த்தம். இந்த ஊரு கவர்மென்ட் அத ஒத்துக்கிட்டு முத்திர குத்திடுச்சு. நம்ம பொங்கல்தான் ஒத்துக்க மாட்டேங்குது."

பெண்கள் வரும் இடம், பிராக்டிகலாகப் பாருங்கள் என்றார் சபேசன். மூர்த்தி விடவில்லை. தன் மனைவியும் மகளும் மன்னார்குடியில்தான் இருக்கிறார்கள், தான் வருஷா வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்து விழா பார்க்கிறோம், எந்தக் கணக்கில் தன்னை உள்ளே விட்டார்கள் என்று கேட்டார்.

"நீங்க வேற மூர்த்தி. நீங்க நம்ம ஆளு" என்றார் சபேசன்.

எவ்வளவு அன்பாகச் சொன்னார் என்கிறீர்கள். பாகுபாட்டை ஒழிக்கவென்று கூட்டிய குழுவின் தலைவர், கையில் விதியைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார். எங்களில் யாருக்கும் அது உறுத்தவில்லை. மூர்த்தி மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

"நம்ம ஆளுன்னா எது சார்? பிறப்பா, சாதியா, ஊரா? ஆறுல எதுன்னு சொல்லுங்க, அடிச்சுடறேன்."

சபேசன் தீர்மானத்தைச் சுற்றுக்கு விட்டார். மற்ற இருவரும் கையெழுத்திட்டார்கள். நானும் போட்டேன். என் கணவர் அதே கம்பெனியில் இருந்தார், அவருடைய காண்ட்ராக்ட் அந்த ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். இந்தக் காரணத்தை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் உச்சுக்கொட்டியிருக்கிறார்கள். இன்னொரு காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. வயதுக்கு வந்த என் மகள் மேடையில் ஆடும்போது கேம்ப் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பதை நானும் விரும்பவில்லை. ஏழாவது சொல் எனக்குத் தெரியாமல் விட்டுப்போனதல்ல.

மறுநாள் சாயங்காலம் மூர்த்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காபியும் வேண்டாம் என்றார். சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் அடித்த இரண்டு தாள்களை மேஜைமேல் வைத்தார். இரண்டிலும் ஒரே வாசகம். கருப்பையா தம் குடும்பத்தில் ஐந்து பேர் என்று எழுதியது உண்மை, அவர் பொய்த் தகவல் எதுவும் கொடுக்கவில்லை. அடியில் செயலாளர் என்று அவர் கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு கோடு.

"உங்க விதிதான் டீச்சர். ரெண்டு கையெழுத்து."

என் கணவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அந்த ஆளு பொய் சொன்னானா?"

இல்லை என்றேன்.

"அப்ப போடுங்க."

நான் போடவில்லை. அவர் ஒரு தாளை மேஜைமேலேயே விட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலையிலிருந்து திரும்பிய கணவர் அதைப் படித்துப் பார்த்தார். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். இல்லை என்று அவரிடமும் சொன்னேன். அன்று எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது. மத்தியான இடைவேளை, ஸ்டாஃப் ரூமில் நாலைந்து பேர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். கம்பெனிக்காக அரசாங்க ஆபீஸ்களுக்கு அலையும் பி.ஆர்.ஓ., கருப்பையாவின் கேன்சல் பேப்பரை அடிக்கக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் என்றார் மூர்த்தி. அதையும் அவர்தான் அடிக்க வேண்டுமாம். குரலில் கேலி இல்லை. அவர் என்னிடம் கேலி இல்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"பிரிண்டர் ரிப்பேர்னு சொல்லி அஞ்சு மணி வரைக்கும் நிறுத்தி வச்சிருக்கேன் டீச்சர். அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்துடுங்க. பி.ஆர்.ஓ. மலையாளி, நல்ல ஆளு. தாள் இருந்தா இன்னொரு தடவ மேல கேட்டுப் பாக்கறேங்கறாரு. நான் இங்கதான் இருக்கேன்."

சரி என்றேன். பள்ளி இரண்டு மணிக்கு விட்டது. அங்கிருந்து ரோலா டாக்சியில் பதினைந்து நிமிடம். நான் வீட்டுக்குப் போய்ப் பரீட்சைத் தாள்களைத் திருத்தினேன். பிழை கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். ஐந்து மணிக்குப் போன் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் அடித்து முடித்திருப்பார்.

கருப்பையா அந்த வாரமே ஊருக்கு அனுப்பப்பட்டார். ஒற்றைக் கையெழுத்துத் தாளைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் போட்டிருந்தாலும் அனுப்பியிருப்பார்கள் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் உரிமை போட்டவருக்குத்தான் உண்டு.

மூர்த்தி குழுவிலிருந்து விலகினார். அதற்கப்புறம் எந்தப் பொங்கலுக்கும் அவர் வரவில்லை. சபேசன் அவருக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்து ஹாலில் காத்திருந்தபோது, அவர் கடையைத் திறந்து வைத்து யாருக்கோ லேபர் கார்டு அடித்துக்கொண்டிருந்தார். சங்கத்தின் தூண் என்கிறார்களே, அந்தத் தூண் எங்கள் கூரையைத் தாங்க மாட்டேன் என்று நகர்ந்து நின்றுகொண்டது. யாரும் அதை இரங்கலில் எழுதவில்லை.

நாங்கள் ஊர் திரும்பும் வரை எங்கள் ஃபாரங்களை அவர்தான் அடித்தார். வேறு சென்டருக்குப் போயிருக்கலாம். எனக்கு ஏதோ ஒரு நப்பாசை. ஒரு நாள், கவுன்டரில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த விஷயத்தில் நான் செய்தது தப்புத்தான் என்று ஆரம்பித்தேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல், "இதுக்கு இந்த ஃபாரத்துல கட்டம் இல்ல டீச்சர்" என்றார். பிறகு வழக்கம்போல இரண்டு காப்பி எடுத்து, ஸ்டேபிள் அடித்து, என் பக்கம் தள்ளினார். அத்துடன் சரி. சபேசன் எழுதிய மன்னிப்பு எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியாது. என் கண்ணெதிரில் நடக்கவில்லை.

நாம் எல்லோரும் நம்மைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொள்வதற்காக அந்த மனிதரை இனியவர் ஆக்கியிருக்கிறோம். வேண்டாம். அவர் நம்மை மதிக்கவில்லை. மதிக்காமலிருக்க அவருக்குக் காரணம் இருந்தது. அதையாவது அவரிடமிருந்து பிடுங்காமல் இருப்போம்.

அவர் மேஜைமேல் விட்டுப்போன தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வீடு மாறி, நாடு மாறி, எப்படியோ அது என்னோடு திருச்சி வரை வந்துவிட்டது. செய்தி வந்த அன்று எடுத்துப் பார்த்தேன். நீல மையில் அவர் கையெழுத்து மங்காமல் இருக்கிறது. பேனாவைக்கூட எடுத்தேன். இப்போது போட்டால் அதுவும் சபேசனின் இரங்கலைப் போலத்தான் ஆகும் என்று தோன்றவே மூடி வைத்துவிட்டேன். கருப்பையா எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது. மூர்த்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோடு. கோட்டின்மேல் கையெழுத்து இல்லை. கீழே, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல், என் பெயரை அடித்து வைத்திருக்கிறார்.